தொப்புளைச் சுற்றிப் பதினாலு, தோலில் ஒரு பொட்டு

மலர்க்குழுவிலிருந்து போன் வந்தது. "சார், நம்ம ஊரோட சம்பந்தப்பட்ட மாதிரி, கொஞ்சம் விஞ்ஞானமும் கலந்து, சரித்திரக் கட்டுரை ஒண்ணு வேணும். பத்து நாள்ல குடுத்துடுங்க" என்றார்கள். ஆண்டாள் கோபுரத்தைப் பற்றியோ, பஞ்சாலைகளைப் பற்றியோ, குமாரசாமி ராஜா முதல் மந்திரியாக இருந்த காலத்தைப் பற்றியோ நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதையெல்லாம் எழுத நம் மலரில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது நாய்க்கடி ஊசியின் சரித்திரத்தை. சிரிக்காதீர்கள். ராஜபாளையத்துக்காரன் நாயைப் பற்றிப் பேசாமல் வேறு யார் பேசுவது?

2005 ஜனவரியில் இந்தியத் தபால் துறை நாய்களுக்கென்று நாலு தபால்தலை வெளியிட்டது. அதில் ஒன்று நம் ராஜபாளையம் நாய். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. போதாதென்று நம் மாவட்டத்துச் சிப்பிப்பாறைக்கும் வேட்டை நாய்ப் பெருமை உண்டு. ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் கடிக்கப் போகிற நாய்கள் எதுவும் அந்த ஜாதி நாய்கள் அல்ல. எல்லாம் தெரு நாய்கள். ஊர் மானத்தைக் காப்பாற்ற வேண்டியது பழைய மாணவனின் கடமையல்லவா.

முதல் கடி எனக்கே. 1966. எனக்கு எட்டு வயது. ஸ்ரீவில்லிபுத்தூர் திருமுக்குளத்துப் பக்கம் பம்பரம் விளையாடிக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ வந்த ஒரு செவலை நாய் கெண்டைக்காலில் பல்லைப் பதித்துவிட்டுப் போய்விட்டது. அப்பத்தா ஓடிவந்து காயத்தில் மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் அப்பினாள். அப்பா சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "அதெல்லாம் வேலைக்காவாது" என்று சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மறுநாளிலிருந்து வயிற்றில் ஊசி. நாளுக்கு ஒன்று வீதம் பதினாலு நாள். நேற்றுக் குத்திய இடத்தை விட்டுவிட்டு இன்று வேறு இடம் என்று தொப்புளைச் சுற்றி ஒரு பிரதட்சணமே நடந்தது. ஐந்தாம் நாளிலேயே வயிறு கட்டிகட்டியாகக் கல்லாகிவிட்டது. குனிய முடியாது. டிராயர் கட்ட முடியாது. வரும் வழியில் அப்பா தினமும் ஒரு பொட்டலம் பால்கோவா வாங்கித் தருவார். அந்தப் பதினாலு பொட்டலத்துக்காகத்தான் நான் அழாமல் போனேன்.

அந்த ஊசியில் என்ன இருந்தது என்பது கல்லூரியில் விலங்கியல் படிக்க வந்த பிறகுதான் தெரிந்தது. ஆட்டு மூளை. உண்மையாகவே ஆட்டு மூளைதான்.

பாஸ்டர் பாரிசில் 1885 ஜூலை 6ஆம் தேதி ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பு ஊசியைத் தொடங்கியது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. வெறிநோய் கண்ட முயலின் தண்டுவடத்தை உலரவைத்து அதிலிருந்து எடுத்த மருந்து அது. நம் நாட்டில் முதல் பாஸ்டர் நிலையம் 1900இல் இமயமலைப் பக்கம் கசௌலியில் ஆரம்பித்தது. அப்போது தெற்கே யாரையாவது நாய் கடித்தால் அங்கேதான் போக வேண்டும். ரயில் பிடித்து அவ்வளவு தூரம் போவதற்குள் விதி முடிந்துவிடும். 1902இல் லில்லி பேகன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் அப்படித்தான் உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்காமல் இறந்துபோனார். அதையொட்டி எழுந்த முயற்சியில், அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்திருந்த நன்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் கிடைத்து, 1907இல் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் எழும்பியது. ஒரு வெள்ளைக்காரப் பெண் சாகிற வரை நம் ஜனங்கள் செத்தது கணக்கில் வரவில்லையே என்று எனக்குள் ஒரு முணுமுணுப்பு உண்டு. ஆனாலும் குன்னூர் வந்தது நமக்கு நல்லதாகத்தான் போயிற்று.

1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் ஒரு வேலை செய்தார். வைரஸை ஆட்டு மூளையில் வளர்த்து, பீனால் சேர்த்து அதை உயிரற்றதாக்கி ஊசி மருந்தாக்கினார். அதனால் என்ன லாபம் என்றால், நோயாளி மருந்தைத் தேடி மலையேற வேண்டியதில்லை. மருந்தே சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. என் வயிற்றுக்கும் அப்படித்தான் வந்தது. குறையும் அதிலேயே இருந்தது. மூளைத் திசு உடம்புக்குள் போவதால், சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த நரம்பையே தாக்கிவிடும். கை கால் விளங்காமல் போனவர்கள் உண்டு, செத்தவர்களும் உண்டு. சில ஆயிரத்தில் ஒருவருக்கு என்றும், சில நூற்றில் ஒருவருக்கு என்றும் ஊருக்கு ஊர் கணக்கு வேறுபட்டது. அப்படியும் ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக, 2004 கடைசி வரை, இந்தியாவில் அந்த மருந்துதான் ஏழைகளுக்கு.

இரண்டாவது கடியைப் பற்றி எழுத வேண்டும். 1976 முதல் 79 வரை என்னோடு படித்தவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

விடுதியில் என் அறைத்தோழன் கரிசல் காட்டுப் பிள்ளை. கபடியில் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. பெயர் எழுதவில்லை, அவன் குடும்பத்தார் இன்றும் இருக்கிறார்கள். 1978 பொங்கல் லீவில் ஊருக்குப் போன இடத்தில் அவனை நாய் கடித்துவிட்டது. ஊரிலேயே ஊசி ஆரம்பித்து, இங்கே வந்து தொடர்ந்தான். அந்த நாட்களில் ராத்திரி அறையில் நான்தான் என் பதினாலு ஊசிக் கதையை நடித்துக் காட்டுவேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்து காட்டுவேன். பக்கத்து அறைக்காரர்கள்கூட வந்து சிரிப்பார்கள். அவனும் சிரித்தான். ஐந்தாவது ஊசிக்குப் பிறகு, "மாப்ளே, வயிறு கல்லாட்டம் இருக்குடா. பிராக்டிகல் வேற வருது. காயமும் ஆறிப்போச்சு, போதும்டா" என்றான். நான், "போயி போட்டுக்கடா" என்று ஒரு தடவை சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன்.

மார்ச் மாதம் ஒரு காலையில் காப்பி டம்ளரை வாய்ப் பக்கம் கொண்டுபோனவன் அப்படியே தூக்கி எறிந்தான். தொண்டை இழுத்துக்கொண்டது. மின்விசிறிக் காற்று பட்டாலே உடம்பு தூக்கிப்போட்டது. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் அப்புறம் மருந்து கிடையாது. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. உலகம் முழுக்கத் தேடினாலும் பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நான் பட்டம் வாங்கிவிட்டு லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து அரசாங்க வேலைக்குப் போனேன். நான் பார்த்த வேலையெல்லாம் சளி, மலம், இரத்தம், மூத்திரம். பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. ஆனால் நாய்க்கடி ஊசியைப் பற்றி எங்கே எந்தத் தாள் கிடைத்தாலும் படித்து வைப்பேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. என் நண்பன் ஐந்து ஊசியோடு நிறுத்தியதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, வயிற்றுப் பக்கமே போகாமல் கைத்தோலில் ஒரு பொட்டு மருந்து வைத்தால் போதுமா என்ற கேள்வியை இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

இந்தச் சோதனை எப்படி நடக்கும் என்று மாணவர்கள் யோசிக்க வேண்டும். புது மருந்து ஒன்று வேலை செய்கிறதா என்று பார்க்க, சாதாரணமாக ஒரு கூட்டத்துக்கு மருந்தும், இன்னொரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீரும் கொடுத்து ஒப்பிடுவார்கள். நாய் கடித்தவனுக்குத் தண்ணீர் ஊசி போட முடியுமா? அது கொலை. அப்படியென்றால் என்ன வழி? நாயே கடிக்காத, நோய் நொடி இல்லாத ஆட்கள் தங்கள் கையை நீட்ட வேண்டும். அவர்களுக்கு ஊசி போட்டு, குறித்த நாட்களில் இரத்தம் எடுத்து, வைரஸை எதிர்க்கும் சக்தி எவ்வளவு ஊறியிருக்கிறது என்று அளக்க வேண்டும். அந்த அளவு கோட்டைத் தாண்டினால் மருந்து நம்பத் தகுந்தது. அதன் பிறகுதான் கடிபட்டவர்களிடம் வரலாம்.

அளக்கிற முறையும் அழகானது. தன்னார்வலரின் இரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து, படிப்படியாக நீர்க்கச் செய்து, உயிருள்ள ரேபிஸ் வைரஸோடு கலந்து, வளர்த்து வைத்திருக்கும் செல்களின் மேல் விடுவார்கள். பிறகு ஒளிரும் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், வைரஸ் நுழைந்த செல் பச்சையாக மினுங்கும். சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் மினுக்கம் இருக்காது. 1973இல் அமெரிக்காவில் ஸ்மித், யேகர், பேயர் என்ற மூவர் கொண்டுவந்த இந்த முறையைத்தான் இன்றும் ஆர்.எஃப்.எஃப்.ஐ.டி. என்கிறார்கள். ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் அரை சர்வதேச அலகு, அதாவது 0.5, இருக்க வேண்டும். அதுதான் கோடு.

ஆரோக்கியமானவனின் உடம்பில் மருந்தைச் சோதிப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. பிளேக் தடுப்பு மருந்தை பம்பாயில் தயாரித்த ஹாஃப்கின், 1897 ஜனவரி 10ஆம் தேதி முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். அதே மாதம் பைகுல்லா சிறையில் 'விருப்பமுள்ள' கைதிகளுக்குப் போட்டார்கள். கைதிக்கு விருப்பம் என்பது எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உலகம் ஒழுங்குக்கு வர நாளாயிற்று. 1964இல் ஹெல்சிங்கி பிரகடனம் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2000இல் விரிவான நெறிமுறை வகுத்தது. 2009லிருந்து நம் நாட்டில் இப்படிப்பட்ட சோதனைகளை முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்றானது. இப்போது கையெழுத்து வாங்கும் தாள் தன்னார்வலருக்குப் புரிகிற பாஷையில் இருக்க வேண்டும். எந்த நிமிஷமும் அவர் "எனக்கு வேண்டாம்" என்று எழுந்து போகலாம். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், சோதனை என்றாலே "எலியா நாங்க?" என்று கேட்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அந்தக் கேள்வி நியாயமானதுதான். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் மேலே சொன்னதெல்லாம் வந்தது.

இங்கிலாந்துக்கு வருவோம். அமெரிக்காவில் விஸ்டார் நிலையத்தில் கோப்ரோவ்ஸ்கி, விக்டர், ப்ளாட்கின் ஆகியோர் மூளையை விட்டுவிட்டு, மனித செல் வளர்ப்பில் ரேபிஸ் வைரஸை வளர்த்துச் சுத்தமான மருந்து ஒன்றை உண்டாக்கியிருந்தார்கள். ஈரானில் வெறி ஓநாய்களும் நாய்களும் கடித்த 45 பேருக்கு அதைப் போட்டு, 45 பேரும் பிழைத்தார்கள் என்று 1976இல் செய்தி வந்தது. மருந்து பிரமாதம். விலைதான் யானை விலை. அதனால் டர்னர், ஆவோகி, நிக்கல்சன், டைரல், ஹில் என்பவர்கள் சேர்ந்து, இதைக் குறைந்த அளவில் தோலுக்குள் போட்டால் என்ன ஆகும் என்று தன்னார்வலர்களிடம் பார்த்தார்கள். முழு அளவு ஒரு மில்லி. தோலில் போட்டது பத்தில் ஒரு பங்கு. எதிர்ப்பொருள் நன்றாகவே ஊறியது. 1976இல் லான்செட் பத்திரிகையில் அது வெளியாயிற்று.

இதில் டைரல் என்பவர் சுவாரஸ்யமான மனுஷர். சால்ஸ்பரியில் ஜலதோஷ ஆராய்ச்சி நிலையத்தை நடத்தியவர். ஜலதோஷம் பிடித்துக்கொள்வதற்கென்றே தன்னார்வலர்கள் அங்கே பத்து நாள் வந்து தங்குவார்கள். சாப்பாடு இலவசம். லீவைக் கழிக்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை என்று வந்தவர்கள் உண்டாம். கொரோனா வைரஸ் என்று பெயர் வைத்த கூட்டத்திலும் இந்த டைரல் ஒருவர்.

சரி, தசையில் ஒரு மில்லி போட வேண்டியதைத் தோலில் பத்தில் ஒரு பங்கு போட்டால் எப்படிப் போதும்? இதற்கு விடை ஒரு மாணவனிடமிருந்து ஆரம்பிக்கிறது. 1868இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற இருபத்தொரு வயது மருத்துவ மாணவன் தோல் துண்டைத் தங்கக் குளோரைடில் ஊறவைத்துப் பார்த்தபோது, கை கால் நீட்டிய நட்சத்திரம் போலச் சில செல்கள் தெரிந்தன. நரம்பு செல் என்று நினைத்துக்கொண்டான். அது நரம்பு இல்லை என்று உலகம் தெரிந்துகொள்ள நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவை காவல்காரர்கள். தோலுக்குள் எது நுழைந்தாலும் பிடித்து, தூக்கிக்கொண்டு, பக்கத்து நெறிகட்டும் கணுவுக்கு ஓடி, அங்கே உட்கார்ந்திருக்கிற வெள்ளை அணுக்களிடம் "இதோ பாரு, இவன்தான்" என்று காட்டிக்கொடுப்பதுதான் அவற்றின் வேலை. இதே குடும்பத்துச் செல்களை 1973இல் அடையாளம் கண்ட ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011இல் நோபல் பரிசு அறிவித்தார்கள். அறிவிப்புக்கு மூன்று நாள் முன்னால் அவர் இறந்துபோயிருந்தார். தசையில் இந்தக் காவல்காரர்கள் கொஞ்சம் பேர்தான். தோலில் தெருவுக்குத் தெரு நிற்கிறார்கள். அதனால்தான் ஒரு பொட்டு மருந்து போதும்.

நம் பாட்டன்மாருக்கும் இது அனுபவத்தில் தெரியும். நம் வயதுக்காரர்கள் சட்டைக் கையைத் தூக்கிப் பாருங்கள். அம்மை குத்தின தழும்பு இருக்கும். அதுவும் தோலில்தான். பி.சி.ஜி. ஊசியும் தோலில்தான். கிண்டியில் அதற்கென்று ஆய்வுக்கூடம் 1948இலேயே வந்துவிட்டது. தோலில் தடுப்பூசி என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. மறந்துபோன வழியைத் திரும்பப் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

இங்கிலாந்துக்காரர்கள் ஆரம்பித்ததை முடித்து வைத்தது தாய்லாந்து. அங்கேயும் தெருநாய் அதிகம், பணம் குறைவு. வாரல் என்ற மருத்துவரும் சகாக்களும் 1980களில் அங்கே தோல்வழி ஊசியைக் கடிபட்டவர்களிடம் போட்டுப் பார்த்தார்கள். பாங்காக்கில் தாய் செஞ்சிலுவைச் சங்கத்தார் தங்களுக்கென்று ஒரு முறையை வகுத்தார்கள். நாய் வெறிநாய்தான் என்று லேபில் உறுதியான பிறகு, அப்படிக் கடிபட்ட 100 பேருக்கு சீரமும் தோல் ஊசியும் போட்டு, ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் 100 பேரும் உயிரோடு இருந்தார்கள். 1990இல் இது வெளிவந்தது. 1992இல் உலக சுகாதார நிறுவனம் தோல்வழியை ஒப்புக்கொண்டது.

எல்லாம் வெற்றிக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1983இல் கென்யாவில் அமெரிக்க பீஸ் கோர் தொண்டர் ஒருவர் ரேபிஸில் இறந்தார். அவர் முன்னெச்சரிக்கையாகத் தோல் ஊசி மூன்றும் போட்டுக்கொண்டவர். அப்புறம் தன் நாய்க்குட்டியே கடித்தபோது, ஏற்கெனவே போட்டதுதானே என்று மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. போட்டும் ஏன் பலிக்கவில்லை என்று துருவிப் பார்த்ததில், மலேரியா வராமலிருக்கத் தொண்டர்கள் தின்றுவந்த குளோரோகுயின் மாத்திரையின் மேல் சந்தேகம் விழுந்தது. அதைத் தீர்க்கவும் ஆரோக்கியமானவர்கள்தான் கை நீட்டினார்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவ மாணவர்கள். பாதிப்பேர் மாத்திரையோடு, மீதிப்பேர் மாத்திரை இல்லாமல், எல்லாருக்கும் தோலில் ஊசி. மாத்திரை தின்றவர்களுக்கு எதிர்ப்பொருள் குறைவாகவே ஊறியது. 1986இல் முடிவு வெளியானது. அந்த மாணவர்களின் பெயர் எந்தத் தபால்தலையிலும் இல்லை.

இந்தியா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது. செல் வளர்ப்பு மருந்து கடைக்கு வந்துவிட்டது. ஆனால் காசு இருக்கிறவனுக்குக் கையில் ஐந்து, இல்லாதவனுக்கு வயிற்றில் பதினாலு என்பதுதான் நிலைமை. ஒரு கோர்ஸ் வாங்கக் கம்மலை அடகு வைத்த குடும்பத்தை நான் வேலை பார்த்த இடத்திலேயே பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் தேறியது நம் ஆட்கள் உடம்பில், நம் நாட்டு மருந்தில் தேறுமா என்ற கேள்வி பாக்கி இருந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸில் எஸ். என். மதுசூதனா, கெம்பேகௌடா மருத்துவக் கல்லூரியில் எம். கே. சுதர்சன் ஆகியோரும் அவர்கள் சகாக்களும் இதில் நிறைய உழைத்தார்கள். ஊசி, இரத்தம், சீரம், 0.5 கோடு என்று மறுபடியும் அதே வேலை. 2006 பிப்ரவரியில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி தோல்வழிக்கு அனுமதி கொடுத்தார். அனுமதி பெற்ற மருந்துகளில் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் மருந்தும் ஒன்று. ஆட்டு மூளையில் ஆரம்பித்த இடம், செல் வளர்ப்பில் வந்து நின்றது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தசையில் போட்டால் ஆளுக்கு ஐந்து குப்பி. தோலில் போட்டால் ஒரு தடவைக்கு இரண்டு கையிலும் 0.1 மில்லி. 0, 3, 7, 28 என்று நாலு தடவை. மொத்தம் 0.8 மில்லி. ஒரு மில்லி குப்பியாக இருந்தால் ஒரு குப்பிக்குள்ளேயே ஒரு ஆளின் முழு சிகிச்சையும் அடங்கிவிடும். குப்பியை உடைத்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் சங்கடம். அதனால்தான் கூட்டம் வருகிற அரசு ஆஸ்பத்திரிக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. ஏழைகளின் கூட்டமே சிக்கனத்துக்குக் காரணமான இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். 2018இல் உலக சுகாதார நிறுவனம் இன்னும் சுருக்கி, 0, 3, 7 என்று ஒரு வாரத்தில் முடிகிற முறையையும் ஒப்புக்கொண்டது. 2021இல் கொரோனாவுக்கு வந்த ஸைகோவ்-டி என்ற டி.என்.ஏ. தடுப்பூசிக்கு ஊசி முனையே கிடையாது, அழுத்தத்தில் தோலுக்குள் பீய்ச்சும் கருவிதான்.

2003இல் எடுத்த கணக்கெடுப்பில் இந்தியாவில் வருஷத்துக்கு 20,000 பேர் ரேபிஸில் சாவதாக மதிப்பிட்டார்கள். 2024இல் வெளியான ஆய்வு 5,700 சொச்சம் என்கிறது. இரண்டும் வேறு வேறு வழியில் போட்ட கணக்கு, அப்படியே கழித்துப் பார்க்கக் கூடாது. ஆனாலும் 5,700 பேர். ஒவ்வொருவரும் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, எல்லா ஊசியையும் போட்டுக்கொண்டிருந்தால் அநேகமாகத் தப்பியிருக்கக்கூடியவர்கள்.

மூன்றாவது கடி இந்த வருஷம். மலர்க்குழு போன் செய்த வாரம்தான். காலை நடையில் ஒரு தெருநாய் குதிகாலில் பல்லால் கீறிவிட்டது. இரத்தம் வரவில்லை. வீட்டுக்கு வந்து குழாயடியில் நின்று கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸம்மா, "முன்னாடி எப்பவாவது நாய்க்கடி ஊசி போட்டிருக்கீங்களா ஐயா?" என்று கேட்டார். "போட்டிருக்கேம்மா, பதினாலு" என்று பெருமையாகச் சொன்னேன். "வயித்துலயா? அது கணக்குல வராது. புதுசாத்தான் ஆரம்பிக்கணும்" என்றார். ஆட்டு மூளை ஊசி போட்டவர்களை ஊசியே போடாதவர்களாகத்தான் இப்போது எடுத்துக்கொள்கிறார்கள். அவ்வளவு பால்கோவாவும் வீண்.

இன்சுலின் போடுகிற மாதிரி மெல்லிய ஊசி. தோலுக்கு இணையாகப் படுக்க வைத்து ஏற்றினார். ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி புள்ளி புள்ளியாக ஒரு சின்னத் தடிப்பு எழும்பியது. அது எழும்பாவிட்டால் மருந்து ஆழத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம், மறுபடி போட வேண்டும். இரண்டு கையிலும் எழும்பியது. கொசு கடித்த அளவுதான் வலி. அந்தத் தடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னய்யா, வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். 1978இல் இது இருந்திருந்தால் அவன் பிராக்டிகலுக்கும் போயிருப்பான், ஊசிக்கும் போயிருப்பான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

சீட்டில் நாலு தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று முடிந்துவிட்டது. நாலாவது தேதி நம் சந்திப்பு நாளிலேயே விழுகிறது. அன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டுத்தான் பஸ் ஏறுவேன். பத்து மணிக்கு குரூப் போட்டோ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. எனக்காகக் காத்திருக்க வேண்டாம், நீங்கள் எடுத்துவிடுங்கள்.